லீவரை முழுசா அழுத்தியும் வண்டி நிற்கலையா? எடை கூடியவர்களின் ரோடு சைக்கிளில் பின் பிரேக் ஏன் சொதப்புகிறது?

ரோடு சைக்கிள் வாங்கி ஒரு மாதம் ஓட்டியவர்களிடம், குறிப்பாக உடல் எடை 90, 100 கிலோவைத் தொடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். "முன் பிரேக் ஓகே. பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடுது, வண்டி அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு." கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் கேபிளை ஒரு இழு இழுத்து, நட்டை முறுக்கி, "இப்போ பாருங்க" என்பார். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி பழைய கதை.

இதில் குறை பாதி சைக்கிளுடையது, பாதி இயற்பியலுடையது. எது சரிசெய்யக் கூடியது, எது எவ்வளவு செலவு செய்தாலும் மாறாதது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், முட்டியும் மிச்சம். எடையைக் குறைக்கத்தான் பலர் சைக்கிளுக்கே வருகிறார்கள். ஆனால் எடை குறையும்வரை எதிரே வரும் ஆட்டோ காத்திருக்காது.

எடைக்கும் பிரேக்குக்கும் என்ன கணக்கு?

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 65 கிலோ, இன்னொருவர் 100 கிலோ. இருவருக்கும் ஒரே மாதிரி சைக்கிள். சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஆக, மொத்தம் 75 கிலோ, 110 கிலோ. இருவரும் 30 கி.மீ. வேகத்தில் வருகிறார்கள்.

ஒரே தூரத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டாமவரின் பிரேக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விசை கொடுத்தாக வேண்டும். ஆனால் லீவர் அதேதான். கேபிளும் அதேதான், ரப்பர் கட்டையும் அதேதான். உடம்பு ஒன்றரை மடங்கு என்பதற்காக விரல்களின் பலம் ஒன்றரை மடங்காகிவிடாது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பின் பிரேக்கை மட்டும் பிடித்து 65 கிலோக்காரர் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவருடைய பின் சக்கரத்தில் சுமார் 19 கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும். அதே 19 கிலோ விசையை வைத்துக்கொண்டு 100 கிலோக்காரர் நிற்க கிட்டத்தட்ட 21 மீட்டர் ஆகும். 7 மீட்டர் வித்தியாசம். ஒன்றரை கார் நீளத்துக்கும் மேல்.

கடையில் சைக்கிளை எடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "பிரேக் பக்கா சார்" என்று சொல்லும் ஒல்லிப் பையன் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது பக்காதான்.

பின் பிரேக்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு

இங்கேதான் பலர் காசைக் கோட்டை விடுகிறார்கள். பின் பிரேக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ஒரு அளவுக்கு மேல் அதனால் வண்டியை நிறுத்த முடியாது.

பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் சாய்வது பேருந்தில் நின்று பழகிய எல்லோருக்கும் தெரியும். சைக்கிளிலும் அதேதான். ஓட்டுபவரின் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. சாதாரணமாக உட்கார்ந்து ஓட்டும்போது மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் பின் சக்கரத்தின் மேல் இருக்கும். ஓரளவு பலமாக பிரேக் பிடித்த நொடியில் அது கால்வாசியாகிவிடும். இன்னும் பலமாகப் பிடித்தால் பின் சக்கரம் தரையை விட்டே எழும்பும். தரையோடு அழுந்தாத சக்கரத்தால் எதையும் பிடித்து நிறுத்த முடியாது, சறுக்கத்தான் முடியும்.

இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1 மீட்டர், உடம்பின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் என்ற வழக்கமான ரோடு சைக்கிள் அளவை வைத்து, காய்ந்த தார்ச்சாலையில் கணக்குப் போட்டால், பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி அடையக்கூடிய அதிகபட்ச வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. முன் பிரேக்கோடு சேர்த்துப் பிடித்தால் அரைப் பங்கு வரை போகலாம். 30 கி.மீ. வேகத்தில் 14 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அது. பிரேக்கைத் தொடுவதற்கு முன் யோசிக்கும் ஒரு நொடியில் கடக்கும் 8 மீட்டர் தனி.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கால் பங்கு, அரைப் பங்கு என்ற வரம்புகள் எடையைப் பொறுத்தவை அல்ல. எடை கூடினால் டயர் தரையைப் பிடிக்கும் பிடியும் சேர்ந்தே கூடும். 100 கிலோ உள்ளவரும் 65 கிலோ உள்ளவர் நிற்கும் அதே தூரத்தில் நிற்கலாம். அதற்குத் தேவையான விசையை பிரேக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 65 கிலோக்காரருக்கு 19 கிலோ விசையிலேயே பின் சக்கரம் சறுக்கத் தொடங்கிவிடும். 100 கிலோக்காரரின் சக்கரம் சுமார் 27 கிலோ வரை தாங்கும். அந்த 19-க்கும் 27-க்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் "பின் பிரேக் பிடிக்கலை" என்று அவர் உணர்கிறார். அந்த இடைவெளியை நிரப்பலாம். அதற்கு மேல் பின் பிரேக்கில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

"முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவோம்" என்ற பயம் இங்கே குறுக்கே வரும். பயம் நியாயமானதுதான். ஆனால் எடை கூடுதல் என்பதற்காக ஒருவர் சீக்கிரம் குப்புற விழுந்துவிட மாட்டார். உடம்பைத் தாழ்த்தி, பின்பக்கம் நகர்த்தி, கைகளை ஊன்றிக்கொண்டு, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால் போதும். சடாரென்று பிடிப்பதுதான் ஆபத்து.

அப்படியானால் பின் பிரேக் எதற்கு?

நிறைய இடத்துக்கு. ஈசிஆரில் ஓரமாக மணல் படிந்திருக்கும் இடத்தில் முன் சக்கரம் வழுக்கினால் கீழேதான். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மழை பெய்த முதல் அரை மணி நேரம், வளைவின் நடுவே, சாலையில் ஜல்லி கொட்டிக் கிடக்கும்போது, முன் டயர் பஞ்சர் ஆன நேரத்தில், எல்லாம் பின் பிரேக்தான் துணை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இடதுபக்கம் ஓட்டும் நாடு இது. வலதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது கையை நீட்டி சிக்னல் காட்டுகிறோம். அந்த நேரத்தில் ஹேண்டில்பாரில் இருப்பது இடது கை மட்டும்தான். வலது லீவர் முன் பிரேக், இடது லீவர் பின் பிரேக் என்று அமைந்த சைக்கிளில், ஓஎம்ஆர் மாதிரி சாலையில் லேன் மாறும் அந்த மூன்று நான்கு நொடிகளுக்கு இருப்பது பின் பிரேக் மட்டுமே. வெளிநாட்டில் அசெம்பிள் செய்த சில சைக்கிள்களில் இது தலைகீழாக இருக்கும். வாங்கிய உடனே எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. ரிம்மின் இரு பக்கமும் ரப்பர் கட்டை பிடிக்கும் ரிம் பிரேக் வண்டிகளுக்கானது.

முதலில் காலிபரின் பக்கத்தில் உள்ள சின்ன குவிக் ரிலீஸ் கொக்கியைப் பாருங்கள். பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றும்போது அதைத் திறப்பார்கள். மாட்டிய பிறகு மூட மறந்துவிடுவார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் பின் பிரேக் திடீரென்று வேலை செய்யாமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

அடுத்து, அதே கொக்கியைத் திறந்து கேபிளைத் தளர்த்திவிட்டு, காலிபரின் இரு கைகளையும் விரலால் அழுத்தி விடுங்கள். பளிச்சென்று திரும்பி விரிந்தால் காலிபர் நலம். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் பிவோட்டில் தூசும் துருவும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததை உடனே ஒற்றி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் ரிம்மிலோ கட்டையிலோ படவே கூடாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. கொக்கியை மூடிவிட்டு, ஒருவர் பின் பிரேக் லீவரை முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கேபிள் போகும் வழி முழுக்கப் பார்க்க வேண்டும். கட்டைகள் ரிம்மைத் தொட்ட பிறகும் லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதா? அப்போது கேபிளின் வெளியுறை நெளிகிறதா? காலிபருக்குப் பக்கத்தில் உள்ள வளைவு நிமிர்ந்து எழுகிறதா? ஆமாம் என்றால், கையின் பலம் ரிம்முக்குப் போகாமல் அந்த உறையை நசுக்குவதிலேயே செலவாகிறது. 'ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு' என்று சொல்வது இதைத்தான்.

குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான்

முன் பிரேக்கும் பின் பிரேக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பிறகு ஏன் முன்னது நறுக்கென்று பிடிக்கிறது, பின்னது மட்டும் கொழகொழக்கிறது? எடை மாற்றம் பாதிக் காரணம். மீதிப் பாதி, கேபிள் போகும் பாதை.

பின் பிரேக்கின் கேபிள் முன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஒரு வளைவு, ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு, கடைசியாக சீட்டுக்குக் கீழே காலிபருக்கு இறங்கும் இடத்தில் ஒரு கொக்கி வளைவு. மாட்டைக் கட்டும் கயிற்றை முளையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே காளையைப் பிடித்துக்கொள்ளலாம் இல்லையா? வளைவு கூடக் கூட உராய்வு பெருகிக்கொண்டே போகும் அந்த வித்தைதான் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. காளை இழுக்கும் பக்கத்தில் நம் விரல், சிறுவன் நிற்கும் பக்கத்தில் பிரேக் கட்டை.

கடலோர ஊர்களில் இன்னொரு சங்கடம். சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரமே உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். வெளியே தெரிகிற பகுதி பளபளவென்று இருக்கும். உள்ளே சொரசொரப்பு.

இதற்கு வழி, உள் கம்பியையும் வெளியுறையையும் சேர்த்தே மாற்றுவது. கம்பியை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். உள் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, தடிமன் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். வெளியுறை பிரேக்குக்கானதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். கியர் கேபிளின் உறை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், சற்று மெலிசு. அதற்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் அழுத்தத்தில் அது பிளந்துவிடலாம். "இருக்கறதைப் போட்டுடுங்க" என்று சொல்லக்கூடாத இடம் இது.

எடை கூடுதலானவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், அது அமுங்காத வகை பிரேக் உறை. கம்ப்ரஷன்லெஸ் ஹவுசிங் என்று கேட்டால் கிடைக்கும். ஜேக்வயர் போன்ற கேபிள் நிறுவனங்கள் விற்கின்றன. சாதாரண பிரேக் உறைக்குள் ஸ்பிரிங் மாதிரி சுற்றிய தகடு இருக்கும், பலமாக அழுத்தினால் அந்தச் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும். இதில் கம்பிகள் நீளவாக்கில் ஓட, அவற்றைப் பிளக்கவிடாமல் இன்னொரு பின்னல் கட்டிப்போட்டிருக்கும். சற்று விறைப்பாக இருப்பதால் சின்ன வளைவுகளில் அடங்காது, பொருத்துபவருக்குப் பொறுமை வேண்டும். ஃபிரேமுக்குள் முழு நீளத்துக்கும் உறை ஓடும் சைக்கிள்களில் இதனால் கிடைக்கும் மாற்றம் நன்றாகவே தெரியும். மேல் குழாய் ஓரமாகக் கம்பி வெறுமனே ஓடும் பழைய ஃபிரேம்களில் உறையின் நீளமே குறைவு, மாற்றமும் அந்த அளவுக்குத்தான்.

விலையைவிடப் பொருத்தும் விதம் முக்கியம். உறையை வெட்டிய முனை சாய்வாக இருந்தால், புத்தம்புது கேபிளும் ஸ்பாஞ்சாகத்தான் இருக்கும். வெட்டியபின் அரம் வைத்துத் தேய்த்து முனையைச் சமமாக்க வேண்டும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் நசுங்கியிருந்தால் ஊசியால் திறந்துவிட வேண்டும். முனையில் மூடி போட வேண்டும். காலிபருக்குப் போகும் கடைசி வளைவு நெருக்கமாக மடங்காமல் அகலமாக இறங்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் உறை இழுபடக் கூடாது. மெக்கானிக்கிடம் "அரம் போட்டுக் கொடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், விஷயம் தெரிந்த ஆள் என்று அவரும் கவனமாகச் செய்வார்.

காலிபரில் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டை ஷிமானோ 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்கிறது. வேலை முடிந்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன், லீவரைப் பத்து முறை முழு பலத்தோடு அழுத்திப் பார்க்க வேண்டும். கம்பி வழுக்குவதாக இருந்தால் அங்கேயே வழுக்கட்டும்.

கட்டையும் ரிம்மும்

குறைந்த விலை ரோடு சைக்கிள்களில் வரும் பிரேக் கட்டை ஒரே அச்சில் வார்த்த ரப்பராக இருக்கும். பலமாக அழுத்தினால் கட்டையே வளையும். உலோகக் கூட்டுக்குள் ரப்பரைச் செருகும் வகைக்கு மாறினால் அந்த நெளிவு போய்விடும். அடுத்தமுறை ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஷிமானோவின் ஆர்55சி4, கூல் ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை ஆகியவை அலுமினிய ரிம்முக்கு நல்ல தேர்வுகள். இரண்டாவது மழையில் பிடிப்பதற்குப் பெயர் பெற்றது. கார்பன் ரிம் என்றால் கதையே வேறு. அதற்கென்று வரும் கட்டையை மட்டும்தான் போட வேண்டும்.

வாங்குவதற்கு முன் இருப்பதைச் சுத்தம் செய்து பார்க்கலாம். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் சின்னச் சின்ன அலுமினியத் துணுக்குகள் பதிந்திருக்கும். ஊசியால் எடுத்துவிட்டு, பளபளவென்று இறுகிய மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் புது ரப்பர் வெளியே வரும். ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் துணி கறுத்துப்போகும். பிடியைத் தின்றுகொண்டிருந்தது அந்தக் கறுப்புதான். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் ரிம்மில் படுவது சகஜம். பின் பிரேக் மட்டும் மோசமாவதற்கு அதுவும் ஒரு காரணம். சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய்தான் செயினுக்கு நல்லது.

சக்கரத்தில் கோட்டம் இருந்தால் கட்டையை ரிம்முக்கு அருகில் வைக்க முடியாது, உரசும். அதனால் மெக்கானிக் கட்டையைத் தள்ளி வைப்பார், லீவர் பாதி தூரம் சும்மா போகும். எடை கூடுதலானவர்களின் பின் சக்கரத்தில் ஸ்போக் தளர்வது அதிகம் என்பதால், பிரேக்கைச் சரிசெய்யும்போதே கோட்டம் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பிறகு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதும்.

காலிபரை மாற்றணுமா?

இதெல்லாம் செய்தபிறகும் போதவில்லை என்றால்தான் அந்தக் கேள்வியே. ஆரம்ப விலை சைக்கிள்களில் வரும் மெல்லிய காலிபர், பலமான பிடியில் வளையும். ஷிமானோ டியாக்ரா அல்லது 105 வரிசையின் இரட்டை பிவோட் காலிபருக்கு மாறினால் அந்த வளைவு குறையும். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கை நீளம். போல்ட்டிலிருந்து ரிம் வரை உள்ள தூரத்துக்குப் பொருந்துவதில் மிகக் குட்டையான காலிபரே பலமாகப் பிடிக்கும். இரண்டு, லீவரோடு ஜோடி சேருமா என்பது. ஷிமானோவிலேயே புது லீவர்கள் கேபிளை அதிகம் இழுப்பவை. அவற்றைப் பழைய காலிபரோடு சேர்த்தால் பிடி குறைந்துவிடும். நேர் ஹேண்டில் உள்ள ஹைபிரிட் வண்டியில் வி-பிரேக் லீவரை ரோடு காலிபரோடு மாட்டியிருந்தால், கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அங்கே மாற்ற வேண்டியது லீவரை, காலிபரை அல்ல.

டிஸ்க் இருந்தும் பிடிக்கவில்லையா?

"டிஸ்க் பிரேக் வண்டி வாங்கியும் இதே தொல்லை" என்பவர்களும் உண்டு. கம்பியால் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் என்றால், மேலே சொன்ன கேபிள் கதை அப்படியே பொருந்தும், இன்னும் கூடுதலாகவே. அமுங்காத உறைக்குப் பலன் அதிகம் தெரிவது இங்கேதான்.

ஒரு பக்கக் கட்டை மட்டும் நகரும் காலிபர்களில் பலரும் செய்யும் தவறு, கட்டை தேயத் தேய கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போவது. காலிபரின் கை பாதி வழி நகர்ந்த நிலையிலேயே நிற்கும், நெம்பும் பலம் போய்விடும். நகராத பக்கக் கட்டையை அதற்கான திருகால் டிஸ்க்குக்கு மயிரிழை தூரத்துக்குக் கொண்டுவருவதுதான் சரியான முறை.

பின் டிஸ்க் 140 மில்லிமீட்டர் என்றால், ஃபிரேம் அனுமதித்தால், 160-க்கு மாற்றலாம். அதே கைப்பலத்துக்கு ஏழில் ஒரு பங்கு கூடுதல் பிடி, சூடும் சீக்கிரம் ஆறும். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் கேபிளே இல்லை என்பதால் முன், பின் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 100 கிலோவுக்கு மேல் உள்ள ஒருவர் இனிமேல்தான் புது சைக்கிள் வாங்கப்போகிறார் என்றால், ஹைட்ராலிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். ரிம் பிரேக் ஃபிரேமை டிஸ்க்குக்கு மாற்ற முயல்வது மட்டும் வேண்டாத வேலை. எந்த வண்டியாக இருந்தாலும், கையேட்டில் ஓட்டுபவர், சைக்கிள், சுமை சேர்த்த எடை வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

மலை இறக்கம்: பிடிப்பது பிரச்சினையில்லை, சூடுதான்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏறி முடித்தவருக்கு இறங்குவது ஜாலி. பிரேக்குக்கு அப்படியில்லை. மொத்தம் 110 கிலோவோடு 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. 7 சதவீதச் சரிவில் 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் நொடிக்கு நொடி சுமார் 420 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதிக்கும் மேல். காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க ரிம்மிலும் கட்டையிலும்தான் இறங்கும்.

பயந்து பின் பிரேக்கை மட்டும் வழி முழுக்க அழுத்திக்கொண்டே வருபவர், அவ்வளவு சூட்டையும் ஒரே சக்கரத்துக்குக் கொடுக்கிறார். ரிம் சூடேறினால் உள்ளே டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம் உருகி விரியவும் கூடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பாதுகாப்பான நேர்ச் சாலையில் விட்டுவிடுவது நல்லது. விட்ட நேரத்தில் காற்று ரிம்மைக் குளிரவைக்கும். கைகள் ஹேண்டிலின் கீழ் வளைவில் இருந்தால் லீவரின் நுனி விரலுக்கு எட்டும். மேலே ஹூட்டைப் பிடித்தபடி அழுத்துவதைவிடக் குறைந்த பலத்தில் நிறைய பிடி கிடைக்கும். கை வலித்தாலோ கருகல் வாடை வந்தாலோ வியூ பாயின்ட்டில் ஓரங்கட்டி, பத்து நிமிடம் நிற்கலாம். ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

சரியானதா என்று எப்படித் தெரியும்?

வேலையெல்லாம் முடிந்ததும், விடியற்காலையில் ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலைக்குப் போங்கள். ஹெல்மெட் அவசியம். 20 கி.மீ. வேகத்தில், ஹூட்டைப் பிடித்தபடி, சீட்டில் உட்கார்ந்த நிலையிலேயே பின் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்பே பின் சக்கரம் லேசாக 'சர்ர்' என்று இழுபடத் தொடங்கினால், அந்த நொடியே லீவரை விட்டுவிடலாம். உங்கள் எடைக்கு பின் பிரேக் கொடுக்கக்கூடிய அத்தனையும் கிடைத்துவிட்டது. இனி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது முன் பிரேக்கைப் பற்றி. லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டும் சக்கரம் உருண்டுகொண்டேதான் இருக்கிறது என்றால், ஆளை வைத்துக் கேபிளைக் கவனிக்கும் அந்த மூன்றாவது சோதனைக்குத் திரும்பிப் போக வேண்டும்.